கடலே பார்க்காத சேலத்துப் பையன் கப்பல் ஆங்கிலம் படிப்பது எப்படி?

ஓமலூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அடுத்த மாதம் கப்பல் அதிகாரி ஆவதற்கான டெக் கேடட் பயிற்சியில் சேரப் போகிறேன். எங்கள் வீட்டில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. சேருவதற்கு முன்னால் படித்து வரச் சொல்லி 400 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இரவு மனப்பாடம் செய்தால் காலையில் மறந்துவிடுகிறது. லெஃப்ட், ரைட் என்று சொல்லிவிட்டுப் போகாமல் எதற்கு இத்தனை சிக்கல்? இதற்கெல்லாம் தமிழில் சொல் இருக்கிறதா? கப்பலை 'ஷீ' என்பதா, 'இட்' என்பதா?"

தம்பி, முதலில் அந்தப் பட்டியலை மடித்து வையுங்கள். நானும் அதே மாதிரி ஒரு பட்டியலோடுதான் கிளம்பினேன். பாதியைக்கூடத் தாண்டவில்லை. அப்புறம் 27 வருஷம் சரக்குக் கப்பல்களில் டெக் வேலை பார்த்து, சீஃப் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஏற்காட்டில் கொஞ்சம் காப்பிச் செடியோடு இருக்கிறேன். அந்தச் சொற்கள் எனக்கு எப்படி வந்தன என்று மட்டும் சொல்கிறேன்.

நான் பிறந்தது அம்மாபேட்டையில், தறி வீட்டில். பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது என்ற சொற்களை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. "பாவுல ஒரு இழை அறுந்திருக்கு, விழுதுக்குள்ள விட்டு எடு" என்பார் அப்பா. நான் கையை விட்டு அந்த இழையைத் தேடுவேன். சொல்லும் பொருளும் சேர்ந்தே வந்தன. யாராவது பாவை "நீள நூல்" என்று சொன்னால் தறிக்காரருக்குக் குழப்பம்தான் வரும். எந்த நீள நூல்? கப்பலும் அப்படித்தான். ஒவ்வொரு சொல்லும் யாரோ கையால் செய்த ஒரு வேலையின் பெயர். அந்த வேலையைக் கண்டுபிடித்துவிட்டால் சொல் மறக்காது.

லெஃப்ட், ரைட்டிலிருந்து ஆரம்பிப்போம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் வருகிறீர்கள். ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் உங்கள் இடது பக்கம் பள்ளம். முன்னால் நின்று, பின்பக்கம் பார்த்து டிக்கெட் கேட்கிற கண்டக்டருக்கு அதே பள்ளம் வலது பக்கம். "இடது பக்க ஜன்னலைச் சாத்துங்க" என்று அவர் சொன்னால், யாருடைய இடது? பஸ்ஸில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. 200 மீட்டர் நீளக் கப்பலில், முன்பக்கம் பார்த்து ஒருவரும் பின்பக்கம் பார்த்து ஒருவரும் நிற்கும்போது ரேடியோவில் "லெஃப்ட்" என்று வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால்தான் பக்கத்தின் பெயரை ஆளோடு சேர்க்காமல் கப்பலோடு சேர்த்துவிட்டார்கள். முன்பக்கம் பார்த்து நின்றால் வலப்பக்கம் ஸ்டார்போர்டு, இடப்பக்கம் போர்ட். நீங்கள் தலைகீழாக நின்றாலும் அது மாறாது.

ஸ்டார்போர்டில் நட்சத்திரம் எதுவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது "ஸ்டியோர்போர்டு". ஸ்டியர் என்றால் திசை திருப்புவது, போர்டு என்றால் கப்பலின் விலா. வட ஐரோப்பாவின் பழைய படகுகளில் சுக்கான் பின்பக்க நடுவில் கிடையாது. ஒரு பெரிய துடுப்பை வலப்பக்கம் பின்னால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் பிடித்துத் திருப்பும் பக்கம் ஸ்டார்போர்டு. அந்தத் துடுப்பு கரையில் மோதி உடையக்கூடாதே, அதனால் கரையில் ஒட்டுவது எப்போதும் மறுபக்கம். கரை, துறை இருக்கும் பக்கம் போர்ட் ஆனது இப்படித்தான். நடுவில் பல நூற்றாண்டுகள் இடப்பக்கத்துக்கு லார்போர்டு என்ற பெயர் இருந்தது. ஸ்டார்போர்டு, லார்போர்டு என்று இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். புயல் காற்றில் எது எது என்று எப்படித் தெரியும்? 1844-ல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை லார்போர்டை விட்டுவிட்டு போர்ட் என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. 1846-ல் அமெரிக்கக் கடற்படையும் அதையே செய்தது.

இரவில் இந்தப் பெயர்களுக்கு நிறம் வந்துவிடும். போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்டில் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து 112.5 டிகிரி வரைதான் தெரியும். பின்பக்க வெள்ளை விளக்கு 135 டிகிரி. கூட்டிப் பாருங்கள், 360 சரியாக வரும். இருட்டில் ஒரு கப்பலின் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நேராக உங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம். முதல் தடவை அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள்.

ஒரே சொல் நேர் எதிர்ப் பொருளில் புழங்கிய காலமும் உண்டு. பழைய படகில் சுக்கானைத் திருப்பும் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். உத்தரவு அந்தக் கட்டையைச் சொன்னது, கப்பலைச் சொல்லவில்லை. சக்கரம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1912-ல் டைட்டானிக்கில் பனிப்பாறையைக் கண்டதும் கொடுத்த உத்தரவு "ஹார்ட் அ ஸ்டார்போர்டு". கப்பல் திரும்பியது இடப்பக்கம். அதில் தவறேதும் இல்லை, அன்றைய வழக்கம் அது. 1930-களில்தான் உலகம் முழுக்க இதை மாற்றினார்கள். இப்போது "ஸ்டார்போர்டு டென்" என்றால் சக்கரம், சுக்கான், கப்பலின் மூக்கு மூன்றும் வலப்பக்கம்தான். சக்கரம் பிடித்திருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், "ஸ்டார்போர்டு டென், சார்" என்று. சுக்கான் 10 டிகிரியைத் தொட்டதும் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். கிளிப்பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று முதலில் கூச்சமாக இருக்கும். கூச்சப்படாதீர்கள்.

ஒரு சொல் தெரியாததால் என் கால் போகப் பார்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் கப்பல், மூன்றாவது வாரம். துறைமுகத்தில் கப்பலைக் கயிறுகளால் கரையோடு கட்டிக்கொண்டிருக்கிறோம். நான் முன்பக்கம், தடித்த கயிறுகளுக்கு நடுவில். டெக் ஆட்களின் தலைவரை போசன் என்போம். எங்கள் போசன் தூத்துக்குடிக்காரர், என் அப்பா வயது. திடீரென்று மேட், அதாவது எங்கள் டெக் அதிகாரி, கத்தினார்: "கிளியர் ஆஃப் த பைட்!" எனக்குத் தெரிந்த பைட் கடிப்பது ஒன்றுதான். எது கடிக்க வருகிறது என்று நான் சுற்றிப் பார்க்கிறேன். "ஏலே, கால எடுல!" என்று போசன் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் நின்ற இடத்தில் தரையில் வளையமாகக் கிடந்த கயிறு, சர்ரென்று சுருங்கி நேர்கோடாக விறைத்தது. ஒரு நொடிதான்.

வேலை முடிந்ததும் அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒரு துண்டுக் கயிற்றை என் மடியில் போட்டார். "இதுக்கு ரெண்டு முனை. நடுவுல மடிச்சா வர்ற வளைவுதான் பைட்டு. கயித்துல பாரம் ஏறுச்சுன்னா வளைவு நேராகப் பார்க்கும். உள்ள உன் கால் இருந்தா காலையும் சேத்துக்கிட்டுத்தான் நேராகும்." அவ்வளவுதான் பாடம். இன்றுவரை மறக்கவில்லை. இன்னொரு நாள் வரைபடத்தில் ஆஸ்திரேலியாவின் தென்கரையில் "கிரேட் ஆஸ்திரேலியன் பைட்" என்று பார்த்தேன். கரை உள்ளே வளைந்து கிடந்தது, கயிற்றின் வளைவு மாதிரியே. அட, அதே சொல். வளைவது என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து இரண்டும் வந்தவை.

கயிறு விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நில்லுங்கள், டெக் வாழ்க்கையில் பாதி அதுதான். சுருளாகக் கிடங்கில் இருக்கும்வரை அது ரோப். வெட்டி ஒரு வேலைக்குக் கொடுத்துவிட்டால் லைன், அல்லது அந்த வேலைக்குரிய பெயர். கரைக்கு முதலில் எறியும் மெல்லிய கயிறு ஹீவிங் லைன். அதன் முனையில் எடைக்காகப் பின்னிய உருண்டை மங்கிஸ் ஃபிஸ்ட், குரங்கின் முஷ்டி. சின்னப் படகின் மூக்கில் கட்டும் கயிறு பெயின்டர். வண்ணம் அடிப்பவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பாய்மரக் கப்பலில் ஷீட் என்றால் பாய்த்துணி என்று நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். அது பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. மூன்று ஷீட்டுகள் அவிழ்ந்து காற்றில் ஆடினால் படகு தள்ளாடும். குடித்துவிட்டுத் தள்ளாடுபவரை ஆங்கிலத்தில் "த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்" என்பது அதனால்தான்.

முடிச்சில் முதலில் போலைன் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்து போ-லைன் என்று இழுக்காதீர்கள், கப்பலில் அது "போலின்". எவ்வளவு இழுத்தாலும் வளையம் சுருங்காது, வேலை முடிந்ததும் எளிதாக அவிழும். எங்கள் தாத்தா மாட்டுக் கழுத்தில் போட்ட முடிச்சுக்கும் இதே குணம்தான் வேண்டியிருந்தது. மாடு இழுத்தால் கழுத்தை இறுக்கக்கூடாது. உங்கள் ஊரில் மாடு கட்டும் ஒருவரிடம் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். வகுப்பில் மற்றவர்கள் முழிக்கும்போது உங்கள் கை தானாகப் போகும்.

இன்னொரு முடிச்சு வேகத்தில் இருக்கிறது. கப்பலின் வேகத்தை நாட் என்கிறோம். ஒரு பலகையைக் கயிற்றில் கட்டிப் பின்னால் கடலில் எறிவார்கள். பலகை தண்ணீரில் நின்றுவிடும், கப்பல் நகர்ந்துகொண்டே இருக்கும், கயிறு உருவிக்கொண்டு போகும். அந்தக் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டுகிறதோ அத்தனை நாட். 28 விநாடிக்கு 47 அடி 3 அங்குலம் என்றால் மணிக்கு 6075 அடி. ஒரு கடல் மைலுக்கு அது கிட்டத்தட்டச் சரி. எறிந்த பலகைக்கு லாக் என்று பெயர். அந்த எண்ணை எழுதி வைத்த நோட்டு லாக் புக். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் லாகின் செய்கிறோமே, அந்த லாக்கும் இந்தக் கட்டையிலிருந்து வந்ததுதான்.

நாட் என்பதிலேயே "மணிக்கு" அடங்கிவிட்டது. "20 நாட்ஸ் பெர் அவர்" என்று நேர்முகத் தேர்வில் சொல்லிவிடாதீர்கள். 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். பெரிய கன்டெய்னர் கப்பலுக்கே அது நல்ல வேகம். கடல் மைல் 1852 மீட்டர். இந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது? அட்சரேகையில் ஒரு டிகிரியை 60 நிமிடமாகப் பிரித்தால், ஒரு நிமிடத்தின் நீளம் ஒரு கடல் மைல். சேலம் நகரத்துக்கும் ஏற்காட்டுக்கும் வடக்கு தெற்காக ஏழெட்டு நிமிட அட்சரேகை வித்தியாசம். அப்படியென்றால் ஏற்காடு சேலத்துக்கு வடக்கே ஏழெட்டுக் கடல் மைல். மலைப்பாதையில் 30 கிலோமீட்டர் சுற்றி வருகிறோம், அது வேறு. வரைபடத்தின் ஓரத்து அட்சரேகைக் கோட்டிலேயே டிவைடரை வைத்துத் தூரம் அளந்துவிடலாம், தனி அளவுகோல் வேண்டாம். முதல் மாதமே இதைச் செய்யச் சொல்வார்கள்.

ஆழத்துக்கு ஃபேதம். 6 அடி, அதாவது 1.83 மீட்டர். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு கைகளையும் விரித்து அணைப்பது என்று பொருள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, மேலே இழுக்கும்போது விரித்த கைகளால் ஒன்று, இரண்டு என்று அளப்பார்கள். நம் கடற்கரையில் இதே அளவுக்குப் பாகம் என்று பெயர். அதுவும் இரண்டு கைகளை விரித்த நீளம்தான். இரண்டு மொழிகளும் ஒன்றை ஒன்று கேட்காமலே மனிதனின் கையைப் பிடித்துக்கொண்டன. எனக்கு இது எப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கும். அந்த ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பைத் தடவி இறக்கினால் அடியில் இருக்கும் மணலோ கிளிஞ்சலோ ஒட்டிக்கொண்டு வரும். ஆழம் மட்டுமில்லாமல் அடியில் என்ன கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இப்போதைய வரைபடங்களில் பெரும்பாலும் மீட்டர்தான். ஆனால் "ஐ கான்ட் ஃபேதம் இட்" என்று ஆங்கிலேயர் சொல்லும்போது, நாம் "அவன் ஆழம் தெரியவில்லை" என்று சொல்வதையேதான் சொல்கிறார்.

உச்சரிப்புதான் நம் ஊர்ப் பிள்ளைகளைத் தடுக்கி விழவைப்பது. எழுத்து நீளமாக இருக்கும், மாலுமிகள் வாயில் தேய்ந்து பாதியாகியிருக்கும். போட்ஸ்வெயின் என்று எழுதியிருப்பதை "போசன்" என்று சொல்ல வேண்டும். படகை நடத்தும் காக்ஸ்வெயின் "காக்சன்". முன்பக்க மேல்தளமான ஃபோர்காசில் வெறும் "ஃபோக்சல்". துறைமேடையைக் குறிக்கும் க்வே என்ற சொல் "கீ". படகின் விளிம்பு கன்வேல் இல்லை, "கன்னல்". கப்பல் எவ்வளவு ஆழம் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது என்ற அளவு "டிராஃப்ட்". கப்பலின் மூக்கு "பவ்", வணங்கும்போது சொல்வது போல. வில்லைச் சொல்லும் "போ" என்று சொன்னால் சிரிப்பார்கள். மிதவை நம்மிடையே "பாய்", அமெரிக்கர் வாயில் "பூயி". அளக்கும் ஈயக்குண்டு "லெட்". இவற்றைப் பார்த்துப் படிக்காதீர்கள், யாரையாவது சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கப்பலுக்குள் இருக்கும் இடங்களின் பெயர்கள் எளிது. தரை டெக், சுவர் பல்க்ஹெட், கூரை டெக்ஹெட், சமையலறை கேலி, படி எவ்வளவு அகலமாக இருந்தாலும் லேடர். இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் வீட்டு வாசலை பவ் என்றும் கொல்லையை ஸ்டர்ன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஒவ்வொரு ஜன்னலையும் போர்ட், ஸ்டார்போர்டு என்றே மனதுக்குள் சொல்லுங்கள். முக்கியமாக, கொல்லையைப் பார்த்து நடக்கும்போது சொல்லுங்கள். அப்போதுதான் தவறும், அப்போதுதான் பதியும்.

காற்றுக்கு வருவோம். காற்று வரும் பக்கம் விண்ட்வர்டு, போகும் பக்கம் லீவர்டு. இதை மாலுமிகள் "லூவர்ட்" என்பார்கள். களத்தில் நெல் தூற்றும்போது எங்கே நிற்பீர்கள்? காற்று முதுகில் படும்படி நின்று முறத்தைச் சாய்ப்பீர்கள், பதர் லீவர்டு பக்கம் போகும். இனி மறக்காது. இதில் ஒரு பொறி உண்டு. காற்றுக்கு அது வரும் திசையால் பெயர், நீரோட்டத்துக்கு அது போகும் திசையால் பெயர். "வெஸ்டர்லி விண்ட்" மேற்கிலிருந்து வருகிறது, "வெஸ்டர்லி கரன்ட்" மேற்கே போகிறது. தமிழிலும் காற்று வரும் திசையைத்தான் சொல்கிறோம். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து வருவதை மீனவர் கச்சான் என்பார்கள். காவிரியில் பரிசல் நேராகக் கடக்க முயன்று, எதிர்க்கரையில் கொஞ்சம் கீழே போய் ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் இழுக்கும் அந்தத் திசை செட், இழுக்கும் வேகம் டிரிஃப்ட்.

மார்கழி மாதம் ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். கடலிலும் அதேதான், ஆனால் ஒவ்வொரு ஊதலுக்கும் பொருள் உண்டு. பனியில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரக் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது ஒரு நீள ஊதல், நாலிலிருந்து ஆறு விநாடி. இயந்திரத்தை நிறுத்தி மிதந்துகொண்டிருந்தால் இரண்டு நீள ஊதல். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு குட்டை ஊதல் என்றால் ஸ்டார்போர்டு பக்கம் திரும்புகிறேன், இரண்டு என்றால் போர்ட், மூன்று என்றால் பின்னோக்கி இயந்திரம் ஓட்டுகிறேன். ஐந்து வந்தால், "நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை" என்று பொருள். இவையும் சொற்கள்தான், தம்பி. பட்டியலில் இருக்காது.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பயம் வேண்டாம். ரேடியோவில் பேசும் கடல் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலத்தைவிடச் சின்னது, வேண்டுமென்றே சின்னதாக்கியது. பல நாட்டு மாலுமிகள் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் ஒரு நிலையான சொற்றொடர்த் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதில் "மே", "குட்", "ஷுட்" போன்றவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். "மே ஐ என்டர்?" என்று யாராவது கேட்டால் அனுமதி கேட்கிறாரா, ஒருவேளை நுழைவேன் என்கிறாரா என்ற சந்தேகம் வரும். அதற்குப் பதில் "கொஸ்டின்", "இன்டென்ஷன்", "வார்னிங்" என்று முதலில் வகையைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும், 150 என்றால் "ஒன் ஃபைவ் ஸீரோ". சுக்கான் கோணத்துக்கு மட்டும் விலக்கு, அங்கே "ஃபிஃப்டீன்" என்றே சொல்லலாம். அழகான ஆங்கிலம் பேசுபவரைவிட இந்தச் சட்டத்துக்குள் தெளிவாகப் பேசுபவரோடு இரவுக் காவலில் நிற்பதைத்தான் நான் விரும்பியிருக்கிறேன்.

ஆபத்துச் சொற்களைப் பற்றி வலம்வரும் கதைகளை நம்பாதீர்கள். எஸ்ஓஎஸ் என்பது "சேவ் அவர் சோல்ஸ்" என்பதன் சுருக்கம் இல்லை. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தந்தியில் தவறாமல் பிடிபடும் ஒலி என்பதற்காக 1906-ல் பெர்லினில் கூடி ஏற்றுக்கொண்ட குறி அது. வாயால் பேசும் ரேடியோவுக்கு வேறு சொல் தேவைப்பட்டது. "எனக்கு உதவுங்கள்" என்ற பிரெஞ்சுச் சொற்றொடரின் ஓசையிலிருந்து மேடே வந்தது. மூன்று முறை சொல்ல வேண்டும். உயிருக்கோ கப்பலுக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டும். அவசரம், ஆனால் அவ்வளவு ஆபத்தில்லை என்றால் "பான் பான்".

சரி, தமிழில் சொல் உண்டா என்ற கேள்வி. உண்டு. நம்முடையதையே அவர்கள் வாங்கிக்கொண்டதும் உண்டு. கேட்டமரான் நம் கட்டுமரம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பொருள் மாறிவிட்டது. நமக்கு அது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். ஆங்கிலத்தில் இன்று அது இரட்டை உடல் கொண்ட படகு. ஹாங்காங் துறைமுகத்தில் முழுக்க அலுமினியத்தில் ஆன, நூற்றுக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு பறக்கும் ஒரு படகைக் காட்டி "கேட்டமரான்" என்றார்கள். மரமும் இல்லை, கட்டும் இல்லை, பெயர் மட்டும் நம் கரையிலிருந்து போனது. சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆனது. அந்தப் பெயர் வைத்த ஒரு பிரிட்டிஷ் கப்பல் 1820-ல் பாய்மரத் தண்டுகளுக்கு மரம் தேடி நியூசிலாந்துக்குப் போயிற்று. இன்று அங்கே கோரமண்டல் என்று ஒரு தீபகற்பமே இருக்கிறது.

நாமும் வாங்கியிருக்கிறோம். மாலுமி என்பது அரபியில் ஆசிரியரைக் குறிக்கும் முஅல்லிம் என்ற சொல். சுக்கானும் அரபிதான். சாரங்கு பாரசீகம். பழைய நீராவிக் கப்பல்களில் இந்திய ஆட்களை மேய்த்த தலைவர் சாரங்கு, அவருக்கு அடுத்தவர் தண்டல். ஆங்கிலேயர் இருவரையும் செராங், டிண்டல் என்று அப்படியே எழுதிக்கொண்டார்கள். கப்பலின் மூக்குக்கு நம் மீனவரிடம் அணியம் என்ற அருமையான சொல் இருக்கிறது. கடலோரத்து நண்பர்கள் பயிற்சியில் கிடைத்தால் அவர்கள் சொற்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புயலுக்கு நாம் சொல்லும் சைக்லோன் என்ற சொல் இங்கிலாந்தில் பிறக்கவில்லை. கல்கத்தாவில் இருந்த ஹென்ரி பிடிங்டன் 1848-ல், பாம்பு சுருண்டு கிடப்பதை நினைத்து, கிரேக்கச் சொல்லிலிருந்து உண்டாக்கினார். வங்கக் கடலின் புயல்களைப் படித்துக்கொண்டிருந்தவர் அவர்.

சேலத்துக்கும் கடலுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள், அது ஜாவா அரிசி. ஆலை வாசலில் எழுதியிருக்கும் சேகோ மலாய்ச் சொல். அதைச் செய்யும் மரவள்ளியோ தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி வந்த செடி. உங்கள் ஊர்க் காட்டில் வளர்கிற ஒரு கிழங்குக்குள் இரண்டு பெருங்கடல் இருக்கிறது. 1830-களில் சேலம் பக்கத்து இரும்புத் தாது பரங்கிப்பேட்டை ஆலைக்குப் போய், இரும்பாகிக் கப்பலில் இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது. பரங்கிப்பேட்டைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, போர்த்துக்கீசியத்தில் புதிய துறைமுகம். நாம் பார்த்த அதே போர்ட்தான். நம் வீடுகளில் "பிள்ளைகளைக் கரை சேர்க்கணும்" என்று சொல்லாத ஆள் உண்டா? அலையே பார்க்காத என் பாட்டிகூடச் சொல்லுவார்.

கடைசியாக, ஷீயா, இட்டா? கப்பல்காரர்கள் இன்றும் பேச்சில் பெரும்பாலும் ஷீ என்கிறார்கள். கப்பல்கள் மோதாமல் தடுக்கும் 1972-ன் சர்வதேச விதிகளின் ஆங்கில வாசகமும் கப்பலை ஷீ என்றே எழுதுகிறது. கப்பல் செய்திகளுக்கே பேர்போன லண்டன் நாளிதழ் லாய்ட்ஸ் லிஸ்ட் 2002-ல் இட்டுக்கு மாறிவிட்டது. தேர்வில் விதியை எழுதும்போது அதில் உள்ளபடியே ஷீ என்று எழுதுங்கள். அறிக்கை எழுதும்போது உங்கள் கேப்டன் எப்படி எழுதுகிறாரோ அப்படி எழுதுங்கள். இரண்டும் சரிதான், ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். கிளம்பும்போது பெட்டியில் சுண்டுவிரல் தடிமனில் இரண்டு மீட்டர் கயிறு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.